மஞ்சள் நோட்டீஸும் வைகுண்டராஜின் பெட்டிகளும்

அத்தியாயம் ஐந்து

கம்பம் திராட்சை மண்டிக்காரர் பாண்டியராஜன் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்த வாரத்தில், அவரிடம் சரக்கு போட்டிருந்த விவசாயிகள் அத்தனை பேரும் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொள்ளாதவர்கள் மூன்றே பேர். முதலாவது பாண்டியராஜன். கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்த நிமிஷத்திலிருந்து மனிதருக்கு நல்ல தூக்கம் வந்ததாகக் கேள்வி. இரண்டாவது, ஃபீஸை முன்கூட்டியே வாங்கிவிட்ட அவருடைய வக்கீல். மூன்றாவது வைகுண்டராஜ்.

அந்த மூன்றாவது ஆள் ஏன் அழவில்லை என்பதைக் கண்டுபிடிக்கத்தான், சில வாரங்கள் கழித்து, வினோத்ராஜ் வீரபாண்டியைத் தாண்டி பைக்கை விரட்டிக்கொண்டிருந்தான். பின்சீட்டில் அவனுடைய முதலாளி தேவயானி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து, 'உங்களால் எங்களுக்கு ரொம்ப லாபம், ஆனால் வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள்' என்று வழியனுப்பப்பட்டவள். தேனியில் ஒரு பரோட்டா கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருந்தாள். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. மாப்பிள்ளை நல்லவர் என்று அறிக்கை கொடுத்தால் பெண் வீட்டார் பாதி ஃபீஸ்தான் தருவார்கள். வினோத்ராஜின் சம்பளம் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, எனக்கு ஒண்ணு வெளங்கல" என்றான் அவன், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "முத்துலட்சுமியம்மாவுக்குப் பாண்டியராஜன் மூணு லட்சம் தரணும். சரி. அந்தம்மா அவருகிட்ட மருந்தடிக்க, கவாத்து பண்ணன்னு அட்வான்ஸா ஒண்ணரை லட்சம் வாங்கியிருக்கு. அதுவும் சரி. இப்ப கோர்ட்டு போட்ட ரிசீவர் ஆபீஸ்லருந்து அந்தம்மாவுக்கு 'ஒண்ணரை லட்சத்தக் கட்டு'ன்னு நோட்டீஸ். ஆனா அதுக்கு வர வேண்டிய மூணு லட்சத்துக்கு மட்டும் 'பாக்கலாம்'. இது எந்த ஊரு நியாயம்?"

"முதல்ல வைகுண்டராஜ முடிப்போம். அதுக்குப் பெறகு இத வச்சுக்கலாம்."

"திங்கக்கிழமைக்குள்ள முடியணுங்கக்கா."

அதுதான் விஷயம். முத்துலட்சுமிக்குச் சுருளிப்பட்டியில் ஒரு ஏக்கர் பன்னீர்த் திராட்சை. கணவர் திருப்பூரில் மில் வாட்ச்மேன். பந்தல் போட்டு, கொடி ஏற்றி, காய்ப்புக்குக் கொண்டுவந்தது எல்லாம் அவள் ஒருத்தி. ரிசீவரின் நோட்டீஸைப் பார்த்துப் பயந்துபோய், அந்த ஒரு ஏக்கரை விற்க ஒப்புக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பத்திரம். வாங்குகிற தர்மவான் யார் என்றால், சாட்சாத் வைகுண்டராஜ்தான். பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்து, 'கவலைப்படாத தாயி, நான் இருக்கேன்' என்று தைரியம் வேறு சொல்லியிருந்தார்.

நேற்று துப்பறியும் நிலையத்துக்கு வந்தபோது அவள் சொன்னது ஒரே ஒரு சந்தேகம். "வைகுண்டராஜ் மொதலாளி தோட்டத்துப் பழமெல்லாம் எர்ணாகுளத்துக்குத்தான் நேரா போகும் மேடம். பாண்டியராஜன் மண்டிக்கு இருபது லட்சத்துக்குச் சரக்குப் போட்டேன்னு ரிசீவர்கிட்ட சொல்லியிருக்காக. எப்பப் போட்டாக? எங்க கண்ணுல படவே இல்லையே?"

உத்தமபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள்.

"நல்லாக் கேட்டுக்க" என்றாள் தேவயானி. "பாண்டியராஜனோட சின்னமனூர் குளிர்பதனக் கிடங்க வைகுண்டராஜ் வாங்கினாரு. அதுல இருபது லட்சம் பாக்கி. நொடிச்சுப்போன மனுசனுக்கு இப்ப இருக்கிற ஒரே சொத்து அந்தப் பாக்கிதான். ரிசீவர் அத வசூல் பண்ணி எல்லாருக்கும் பங்கு வைக்கணும். ஆனா வைகுண்டராஜ் 'எனக்கும் அவரு திராட்சைக் காசு இருபது லட்சம் தரணும். ரெண்டும் கழிஞ்சுபோச்சு, ஆள விடு'ங்கிறாரு."

"கணக்கு சரியாத்தானே வருது?"

"நம்ம கீழ்வீட்டுப் பரோட்டா கடைக்காரர் நொடிச்சுப்போறாருன்னு வை."

"வாயக் கழுவுங்கக்கா. நான் சாப்பாட்டுக்கு எங்கன போவேன்?"

"நீ அவருக்கு ஆயிரம் ரூபா சாப்பாட்டு பாக்கி. அவரு உங்கிட்ட ஆயிரம் கைமாத்து வாங்கியிருக்காரு. கழிச்சுக்கிட்டா உனக்கு ஒரு பைசா நட்டமில்ல, முழுசா வந்துடுச்சு. மைதா போட்டவரும் கறி போட்டவரும் கல்லாவத் தெறந்து பாப்பாக. உன் ஆயிரம் அதுல இருக்காது. இருக்கிற சில்லறைய ஆளுக்குக் கொஞ்சம் பிச்சுக்குவாக."

"அப்ப இந்தக் கழிக்கிற வேலையே களவாணித்தனம்னு சொல்லுங்க."

"ரெண்டு பேருக்கும் நிஜமான கொடுக்கல் வாங்கல் முன்னாடியே இருந்துச்சுன்னா அது சட்டம். இல்லேன்னாதான் நீ சொல்றது."

வினோத்ராஜுக்குப் பாதி புரிந்தது. வைகுண்டராஜ் பொய் சொல்கிறார் என்ற பாதி. அது போதும் என்று டீ கிளாஸை வைத்துவிட்டு பைக்கை உதைத்தான்.

வைகுண்டராஜின் யார்டு கம்பத்தைத் தாண்டி, கூடலூர் ரோட்டில் இருந்தது. அவருக்குத் தோட்டம் இருக்கிறது, கிடங்கு இருக்கிறது, ஆனால் மனிதர் உயிரை வைத்திருந்தது பெட்டிகளில்தான். பிளாஸ்டிக் பழப்பெட்டி. பள்ளத்தாக்கில் பெட்டி வாங்க முடியாத சிறு விவசாயிகளுக்கெல்லாம் வாடகைக்கு விடுவார். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் 'வை'. ஒரு பெட்டி திரும்பி வராததற்கு ஜீப் எடுத்துக்கொண்டு குமுளி மலையேறி, பெட்டி விலையைப்போல் நான்கு மடங்கு டீசலுக்குச் செலவழித்து மீட்டுக்கொண்டு வந்தவர் என்று ஊரில் அவருக்கொரு புகழ் உண்டு.

இவர்கள் போனபோது ஒரு விவசாயிக்குப் பழத்துக்கான பணம் பட்டுவாடா செய்துகொண்டிருந்தார். எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்த ஆளுடைய பெட்டிகளின் கைப்பிடியில் முடிந்திருந்த நீலச் சேலைக் கிழிசல்களை விறுவிறுவென்று பிய்த்துக் கூடையில் போட்டார்.

"எல்லாம் கிழிச்சாச்சா மொதலாளி?"

"கிழிச்சாச்சு, கெளம்பு."

விவசாயி கும்பிட்டுவிட்டுப் போனார். வைகுண்டராஜ் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு இவர்களைப் பார்த்தார். சட்டை வெளுப்பில் கண் கூசியது.

"தேனியிலருந்து துப்பறியுறவுக வந்துருக்கீக. யாரு, முத்துலட்சுமி அனுப்பினாளா? பாவம், அந்தப் புள்ளைக்கு உதவி பண்ணத்தானே நான் நெலத்த வாங்குறேன்."

"ஊரே சொல்லுது அண்ணாச்சி" என்றான் வினோத்ராஜ். "சந்தை விலையில முக்கால்வாசிக்கு உதவி பண்றீகளாமே. முழுசா உதவி பண்ணா அந்தம்மா தாங்காதுன்னா?"

தேவயானி அவன் காலை மிதித்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லைங்க. பாண்டியராஜன் மண்டிக்கு நீங்க சரக்குப் போட்டதா சொல்லியிருக்கீக. நோட்டீஸ் வந்த அன்னைக்கே ரிசீவர் அந்தக் குடோனுக்கு சீல் வச்சுட்டாரு. அப்ப உங்க காலிப் பெட்டியெல்லாம் உள்ளதானே கெடக்கணும்?"

"கெடக்குது."

"ஒண்ணுகூட இல்லைன்னு பேசிக்கிறாக."

வைகுண்டராஜின் முகம் பன்னீர்த் திராட்சை நிறத்துக்கு வந்தது. பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் தத்துவம் பேசியிருப்பார். பெட்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனிதருக்குத் தாங்காது.

"எவன் சொன்னது? எம் பெட்டி எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கு ரிசீவர வரச்சொல்லு. சீல உடைக்கச் சொல்லு. நானே மனுப் போடுறேன். எம் பேரு போட்ட பெட்டி கூரை வரைக்கும் நிக்கும். பாத்துட்டு அந்தப் புள்ளைய திங்கக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு அனுப்பி வைங்க."

வெளியே வந்ததும் வினோத்ராஜ் துள்ளினான். "மாட்டிக்கிட்டாருக்கா! பெட்டி இருக்காது. இருக்கவே இருக்காது. சும்மா கெத்துக்குப் பேசுறாரு."

"இருக்கும்" என்றாள் தேவயானி.

"என்னது?"

"வண்டிய எடு."

மறுநாள் காலை பாண்டியராஜனின் குடோன் வாசலில் ஒரு சின்னக் கூட்டம். ரிசீவர் ஈஸ்வரபாண்டி, கோர்ட் நியமித்த ஆள், ஐம்பதைத் தொட்டவர். எந்தக் கடன்காரர் என்ன சொன்னாலும் 'எழுதிக் குடுங்க' என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாதவர். அவருக்கு ஒருபுறம் வைகுண்டராஜ், புதுச் சட்டையில். அவர் பக்கத்தில் சாட்சியாக சீனிச்சாமி, முத்துலட்சுமியின் கொழுந்தன். 'வைகுண்டராஜ் மொதலாளி சரக்கு மண்டியில் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்' என்று சொல்ல வந்திருந்தான். அண்ணன் மனைவியை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் மட்டும் வரவில்லை. முத்துலட்சுமி சற்று ஒதுங்கி, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

சீல் உடைந்தது. கதவு திறந்ததும் புளித்த பழச்சாற்று வாடை முகத்தில் அடித்தது. குட்டி ஈக்கள் கிளம்பின. உள்ளே, கூரையைத் தொட்டுக்கொண்டு, வரிசை வரிசையாகக் காலிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் 'வை'.

வினோத்ராஜ் தேவயானியைத் திரும்பிப் பார்த்தான். பெட்டிப் பேச்சை எடுத்து அக்காவே கெடுத்துக்கொண்டாள் என்றுதான் அவன் நினைத்தான். நேற்று சும்மா இருந்திருந்தால் இந்த மனிதர் இப்படிச் சபை நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பாரா?

"என்ன தம்பி, எண்ணிப் பாக்குறியா?" என்றார் வைகுண்டராஜ். "ஏணி வேணுமா?"

"எழுதிக்கலாமா?" என்றார் ரிசீவர்.

"ஒரு நிமிசம் சார்." தேவயானி ஒரு பெட்டியின் கைப்பிடியைத் தொட்டாள். அதில் ஒரு மஞ்சள் பூப்போட்ட துணிக் கிழிசல் முடிந்திருந்தது. அடுத்ததில் பச்சை. அதற்கடுத்த வரிசை முழுக்கச் சிவப்புக் கட்டம். "இது என்ன அண்ணாச்சி?"

"அடையாளத் துணி. இதுகூடத் தெரியாம துப்பறிய வந்துட்டீகளாக்கும். பத்துப் பேரு சரக்கு ஒரே வண்டியில ஏறும். யாரு பெட்டி எதுன்னு தெரியணும்ல? அவுகவுக வீட்டுப் பழைய சேலையில ஒரு முழம் கிழிச்சுக் கட்டிவிடுவாக."

"உங்க தோட்டத்துச் சரக்கு உங்க லாரியில தனியாப் போகும். அதுக்கு எதுக்குத் துணி? அதுவும் ஏழு கலர்ல? உங்க வீட்டுல அம்புட்டுச் சேலை கிழிஞ்சுதா?"

சீனிச்சாமி காலை மாற்றி நின்றான். ஆனால் வைகுண்டராஜ் அசரவில்லை. சொல்லப்போனால், இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் சிரித்தார்.

"எந் தோட்டத்துப் பழம்னு நான் எப்பச் சொன்னேன்? ஏழு வெவசாயிககிட்ட வெல பேசி நான் வாங்கினேன். வாங்கினத பாண்டியராஜனுக்கு வித்தேன். வாங்கிட்டா சரக்கு என்னுது. அதுக்குக் காசும் எனக்குத்தான் வரணும். எழுதிக்கங்க சார்."

ரிசீவர் எழுதிக்கொண்டார். வைகுண்டராஜுக்கு ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி தயாராக இருந்தது. அவர் பிடித்த வக்கீல் நல்ல வக்கீல்தான் போலிருக்கிறது.

"வாங்கினீக" என்றாள் தேவயானி, ஏற்றுக்கொண்டவள்போல. "வெல குடுத்து வாங்கினீகளா?"

"பின்ன, ஓசியிலயா?"

"குடோனுக்கு சீல் வைக்கிறதுக்கு முன்னாடி?"

"முன்னாடிதான்."

"அப்ப ஏன் அண்ணாச்சி கிழிக்கல?"

அவள் மஞ்சள் துணியை விரலால் தூக்கிக் காட்டினாள்.

"நேத்து உங்க யார்டுல ஒருத்தருக்குப் பணம் எண்ணிக் குடுத்தீக. குடுத்த கையோட அவரு துணிய ஒண்ணு விடாம பிச்சீக. 'கிழிச்சாச்சா'ன்னு அவரு கேட்டாரு, 'கிழிச்சாச்சு'ன்னீக. ரசீது கெடையாது, கையெழுத்து கெடையாது. காசு வந்தா துணி போகும், துணி இருந்தா காசு பாக்கி. இந்தப் பள்ளத்தாக்குல அதானே வழக்கம்? ஒரு பெட்டிக்காக குமுளிக்கு ஜீப் ஏறுன மனுசன், காசு குடுத்து வாங்கின சரக்குல அடுத்தவன் அடையாளத்த விட்டு வைப்பாரா?"

தேவயானி பெட்டியை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"பெட்டிதான் நீங்க வாடகைக்கு விட்டது, பழம் அவுகளுது. நீங்க வாங்கினது திராட்சைய இல்ல. திராட்சை போட்டவுகளோட பாக்கிய. அதுவும் மஞ்சள் நோட்டீஸ் வந்த பெறகு. அதுக்குள்ள குடோனுக்குப் பூட்டு விழுந்துருச்சு. துணியப் பிக்க உள்ள போக முடியல."

முத்துலட்சுமி மெதுவாக உள்ளே வந்தாள். மஞ்சள் பூத் துணியை விரலால் தடவிப் பார்த்தாள். கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"ஏ சீனி, இது ஓம் பொண்டாட்டி வளைகாப்புச் சேலைடா. நானும் ஓங்க அண்ணனும் எடுத்துக் குடுத்தது. இவரு சரக்க நீ கண்ணால பாத்தியாக்கும்? எங்கன பாத்த, சொல்லு."

சீனிச்சாமி ஐந்து விநாடிகூடத் தாங்கவில்லை.

"மதினி, நோட்டீஸ் வந்து ரெண்டாவது வாரம் மொதலாளி வீட்டுக்கு வந்தாக. 'பாண்டியராஜன் பணம் இனி வராது, நூத்துக்கு இருபத்தஞ்சு நான் தாரேன், பாக்கிய எனக்கு எழுதிக் குடு'ன்னாக. தேதி போடாத பேப்பருல கையெழுத்து வாங்கினாக. எங்க ஏழு பேருக்கும் அதான். வராத பணத்துல இதாச்சும் வருதேன்னு..." அவன் அழத் தொடங்கினான். "ஒங்க காதுக்கு மட்டும் போகக் கூடாதுன்னாக. பணம் வரும்னு காத்திருந்த ஒங்கள லூசுன்னு நெனச்சேன் மதினி."

வினோத்ராஜுக்கு வந்த சந்தோஷத்தில் அந்த அழுகிற ஆளையே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அஞ்சு லட்சத்துக்குக் கடனை வாங்கி இருபது லட்சத்தைக் கழிக்கிற வித்தை! இப்படி ஒரு மூளை மாப்பிள்ளை விசாரணைப் பக்கம் வந்திருந்தால் நிலையம் எங்கேயோ போயிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

ரிசீவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் தடவையாக 'எழுதிக் குடுங்க' அல்லாத ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது.

"ஆளு நொடிச்சுட்டாருன்னு தெரிஞ்ச பெறகு வாங்கின கடன வச்சுக் கழிக்க முடியாது சார். கிடங்கு பாக்கி இருபது லட்சத்தையும் நீங்க முழுசாக் கட்டணும். ஏழு பேருகிட்ட வாங்கினதுக்கு, அந்த எழுத்து செல்லுமான்னு விசாரிச்ச பெறகு, மத்தவுகளோட நீங்களும் வரிசையில நின்னு பங்கு வாங்கிக்கலாம். பொய்யா உறுதிமொழி குடுத்ததக் கோர்ட்டு தனியாப் பாத்துக்கும்."

"மொத்தக் கடன் எம்புட்டு சார்?" என்றான் வினோத்ராஜ்.

"நாப்பது. கையில வரப்போறது இருபது. ரூபாய்க்கு எட்டணா."

நேற்றுவரை ரூபாய்க்குச் சைபர். எட்டணா என்றதும் வாசலில் நின்றவர்கள் மத்தியில் ஒரு சலசலப்பு ஓடியது. முத்துலட்சுமி மட்டும் அசையவில்லை.

"அது எப்ப சார் கைக்கு வரும்?"

"ஆகும்மா. ஏழெட்டு மாசம்."

"நான் கட்ட வேண்டிய ஒண்ணரை லட்சம்?"

"அது இந்த மாசம் கட்டணும். அது வேற பைலும்மா."

வைகுண்டராஜின் முகத்தில் மெல்ல மெல்ல வெளுப்புச் சட்டையின் களை திரும்பியது. இருபது லட்சம் போனாலும் ஒரு ஏக்கர் பன்னீர்த் திராட்சை கைக்கு வரும். "திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துரு தாயி" என்றார், கனிவாக.

வினோத்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்தும் இந்தம்மா நிலத்தை விற்கிறதா? அவன் தேவயானியைப் பார்த்தான். அவள் ரிசீவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கடனக் கழிக்கச் சொல்லி வைகுண்டராஜ் போட்ட மனுவக் கொஞ்சம் எடுங்க. அதுல அவரு வக்கீல் சட்டத்த ரொம்ப அழகா எழுதியிருக்காரு. ரெண்டு பேருக்குள்ள முன்னாடியே கொடுக்கல் வாங்கல் இருந்தா, ஒண்ணுக்கொண்ணு கழிச்சு மிச்சத்துக்குத்தான் கணக்கு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"முத்துலட்சுமி பாண்டியராஜனுக்குப் பழம் போட்டாங்க. அவருகிட்டயே அட்வான்ஸும் வாங்கினாங்க. ரெண்டும் நோட்டீஸுக்கு முன்னாடி. யாருகிட்டயும் எதையும் வெலைக்கு வாங்கல."

ரிசீவர் மனுவைப் பார்த்தார். முத்துலட்சுமியைப் பார்த்தார். இரண்டு பைல்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்.

"மூணுல ஒண்ணரை போனா ஒண்ணரை. அட்வான்ஸ அவுக கட்டவே வேண்டியதில்ல. மிச்ச ஒண்ணரைக்கு எட்டணா பங்கு வரும்." அவர் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "நீங்க இத மொதல்லயே கேட்டிருக்கலாமேம்மா."

"கேக்கலாம்னு யாரு சார் எனக்குச் சொன்னாக?"

வினோத்ராஜ் தலையைச் சொறிந்தான். "நேத்து நான் களவாணித்தனம்னு சொன்னது இதத்தானாக்கா?"

"இதத்தான்."

முத்துலட்சுமி குடோன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். பிறகு முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நெலத்தக் குடுக்கல மொதலாளி" என்றாள், அவ்வளவுதான்.

வைகுண்டராஜுக்கு அப்போதுதான் நிஜமாகவே வலித்தது.

"அப்ப எம் அட்வான்ஸ் பத்தாயிரம்? இப்பவே எடுத்து வை. இங்கனயே வை."

"போன வருசம் ஒங்க லாரி ரிவர்ஸ்ல வந்து எம் பந்தல் கல்லுக்கால் நால சாச்சுச்சே, பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டுப் போனீகளே, அது எட்டாயிரம். கழிச்சுக்கிட்டேன்."

"மிச்சம் ரெண்டாயிரம்?" என்று கத்தினார் வைகுண்டராஜ்.

முத்துலட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான்கு எட்டு போனபின் திரும்பினாள்.

"எனக்கு எட்டணாப் பங்கு வரட்டும், தாரேன். அது வரைக்கும் நீங்களும் வரிசையில நில்லுங்க."